சீனி இல்லாமல் உப்பு உள்ளே போகாது

சூடானில் சண்டைக்கு நடுவில் கொலரா பரவுகிற செய்தியைப் பார்த்துவிட்டு, கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கிற மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: ஆஸ்பத்திரியே உடைந்துபோன இடத்தில் வெறும் ஜீவனிப் பைக்கற்றை (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பும் சீனிச்சத்தும் கலந்த தூள்) வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம்.

கொலரா அழுக்குத் தண்ணீரால் வருவது தெரிந்ததுதான். இப்போது நடப்பது அதன் 7ஆவது உலகப் பெருந்தொற்று. 1961இல் இந்தோனேசியாவின் சுலவேசியில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. யுத்தம் நடக்கிற நாட்டில் குழாய்கள் உடைந்து, மலசலகூடமும் இல்லாமல் சனம் நெருக்கியடித்து இருந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்? யெமனில் 2017 முடிவதற்குள் சந்தேக நோயாளர் தொகை 10 இலட்சத்தைத் தாண்டியது. ஆளைக் கொல்வது நீரிழப்பு. கடுமையான நோயில் மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வரை போகும்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். கிருமியின் நச்சு சிறுகுடல் கலங்களுக்குள் புகுந்து, குளோரைட்டு வெளியேறும் வழியைத் திறந்தபடியே விட்டுவிடுகிறது. குளோரைட்டு குடலுக்குள் கொட்ட, சோடியம் பின்னால் போகிறது, தண்ணீரும் அதோடு போகிறது. சோடியம் உள்ளே வருகிற வழக்கமான வழி ஒன்றும் அடைபடுகிறது. அதனால் உப்புத் தண்ணீரை மட்டும் குடித்துப் பெரிதாகப் பலனில்லை. ஆனால் அதே கலத்தில் இன்னொரு புரதம் இருக்கிறது, அதை இந்த நச்சு ஒன்றும் செய்வதில்லை. ஆள் சேராமல் வெளிக்கிடாத தட்டிவான் மாதிரி அது: 2 சோடியமும் 1 குளுக்கோசும் ஏறினால்தான் வடிவம் மாறி, உட்பக்கமாகத் திறந்து இறக்கிவிடும். சோடியம் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். ஜீவனியில் சீனிச்சத்து இருப்பது ருசிக்கோ தெம்புக்கோ அல்ல, உப்பை ஏற்றத்தான்!

1960இல் அமெரிக்க உயிரிரசாயன ஆய்வாளர் றொபேட் கிரேன் சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தே ஏறுகிற இந்த இணைப்பைச் சொன்னபோது கொலராவுக்கு மருந்து தேடிக்கொண்டிருக்கவில்லை, குடல் சீனியை எப்படி உறிஞ்சுகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். "இதால என்ன பிரயோசனம்" என்று கேட்டே ஆராய்ச்சிக் காசை வெட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும்.

1971, வங்கதேசப் போர். எல்லை தாண்டி மேற்கு வங்கத்தின் பொங்கானுக்கு வந்த அகதிகளிடையே கொலரா. நாளத்தில் ஏற்றுகிற சேலைன் தீர்ந்துபோக, வைத்தியர் திலீப் மகலநபிஸ் ஒரு லீற்றருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்று கலந்து, பைப் பூட்டிய பீப்பாய்களில் வைத்தார். அள்ளிக் கொடுத்தது பெரும்பாலும் கூட வந்த சொந்தக்காரர்கள். 30 வீதமளவில் இருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே வந்தது.

இரண்டு விஷயம் கவனம். ஜீவனி வயிற்றோட்டத்தை நிறுத்தாது, இழந்ததைத் திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான். "குடிக்கக் குடிக்கப் போகுதே" என்று பயந்து நிறுத்துவதும், வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரே கொடுக்கக்கூடாது என்கிற பழைய கதையும் பிள்ளைகளைக் கொல்லும். மற்றது, சீனியைக் கூட்டினால் நல்லது என்று நினைக்கவேண்டாம். அளவு மிஞ்சினால் சீனியே தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், சோடாப் போத்தல் சரிவராததும் அதனால்தான். பைக்கற் இல்லாவிட்டால், ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு 6 மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. கண் குழிந்து, சோர்ந்து, குடிக்கவே முடியாத ஆளுக்கு இது போதாது, சேலைன்தான் வேண்டும்.

சீனியும் இல்லையென்றால்? கஞ்சி. மாப்பொருள் பெரிய மூலக்கூறு, தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. குடலில் மெல்ல மெல்ல உடைந்து குளுக்கோசாகி அதே புரதத்தில் ஏறும். அரிசியில் செய்த கரைசல் கொலராவில் நன்றாகவே வேலைசெய்வது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. 2009இல் முள்ளிவாய்க்காலில் சனம் வரிசையில் நின்று வாங்கிய கஞ்சி பசிக்கு ஊற்றியதுதான், ஆனால் அதில் உப்பு விழுந்திருந்தால் அது குடலுக்குள் செய்ததும் இதே வேலைதான். உப்பில்லாத கஞ்சிக்கு அந்த வேலை அரைகுறைதான்.