பக்கத்து அடுக்கின் காந்தமும் எலக்ட்ரானின் இரு பள்ளத்தாக்குகளும்

பள்ளத்தாக்கு எலக்ட்ரானியல் என்ற சொல்லை எங்கோ படித்த வாசகர் ஒருவர், மூன்று அணு கனமே உள்ள படலத்தில் பள்ளத்தாக்குக்கு இடமேது என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்தப் பள்ளத்தாக்கு படலத்தின் மேற்பரப்பில் இல்லை. எலக்ட்ரானின் உந்தத்தைக் கிடையாகவும் ஆற்றலைச் செங்குத்தாகவும் குறித்து வரையும் படத்தில் இருக்கிறது. அந்த வளைகோடு தாழும் இடங்களில்தான் கடத்தும் எலக்ட்ரான்கள் தங்குகின்றன.

டங்ஸ்டன் டைசெலினைடை எடுத்துக்கொள்வோம். ஒரு டங்ஸ்டன் வரிசைக்கு மேலும் கீழும் செலினியம். மொத்தக் கனம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. மேலிருந்து பார்த்தால் தேன்கூடு போன்ற அமைப்பு. இதில் தனித்தன்மையுள்ள பள்ளத்தாக்குகள் இரண்டு: கே, கே-பிரைம். இரண்டும் ஒரே ஆற்றல் மட்டத்தில் இருப்பதால், அவற்றை 0, 1 என்று கொண்டு தகவலைப் பதிக்கலாமே என்ற ஆசை பிறந்தது. அதுதான் பள்ளத்தாக்கு எலக்ட்ரானியல். மின்புலம் வலமாகச் சுழன்றபடி வரும் வலச்சுழல் ஒளி ஒரு பள்ளத்தாக்கின் எலக்ட்ரான்களையும் இடச்சுழல் ஒளி மற்றதன் எலக்ட்ரான்களையும் மட்டுமே கிளர்த்தும் என்பதை, இதே குடும்பத்தைச் சேர்ந்த மாலிப்டினம் டைசல்பைடில் நியூயார்க், பெய்ஜிங், ஹாங்காங் ஆய்வுக்குழுக்கள் 2012-இல் காட்டின. மசகுப் பொருளாகவே பல காலம் அறியப்பட்டிருந்த அந்தச் சேர்மத்தை ஆராய்ந்து என்ன பயன் என்று நிதி தருவோர் முன்பே கேட்டிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஆனால் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும்வரை எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றதற்கு எளிதில் தாவிவிடும். மட்டங்களைப் பிரிக்க மின்புலம் உதவாது. எலக்ட்ரானின் இயக்கத்தைப் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டினால் அதன் உந்தமும் தற்சுழற்சியும் (ஸ்பின்: எலக்ட்ரானைக் குட்டிக் காந்தம்போல் ஆக்கும் பண்பு) திசை மாறி, கே எலக்ட்ரான் கே-பிரைம் எலக்ட்ரானாகத் தெரியும். மின்புலமோ அப்படியே இருக்கும். ஆகவே மின்புலத்துக்கு இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாது. காந்தத்துக்கு மட்டும் அது தெரியும்; ஏனெனில் காலத்தைத் திருப்பினால் அதன் திசையும் திரும்பும். எனினும் வெளியிலிருந்து 1 டெஸ்லா புலம் கொடுத்தால் இரு மட்டங்களுக்கும் இடையே கிடைக்கும் பிளவு சுமார் 0.2 மில்லி எலக்ட்ரான்வோல்ட்தான். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ 25 மில்லி எலக்ட்ரான்வோல்ட்; அதன் முன் இந்தப் பிளவு ஒன்றுமே இல்லை.

என்னைக் கவர்ந்த தந்திரம் இனிமேல்தான் வருகிறது. 2017-இல் சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவினர், ஒற்றை அடுக்கு டங்ஸ்டன் டைசெலினைடை மெல்லிய குரோமியம் ட்ரைஅயோடைடு என்னும் காந்தப் படிகத்தோடு ஒட்டவைத்தார்கள். ஏறக்குறைய 13 டெஸ்லா வெளிப்புலம் கொடுத்தால் கிடைக்கும் அளவுக்குப் பள்ளத்தாக்குகளின் மட்டங்கள் பிரிந்தன. மருத்துவமனை எம்ஆர்ஐ கருவியின் புலம் 1.5 அல்லது 3 டெஸ்லா என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இதில் வியப்பு என்னவென்றால், ஒரே சீராகக் காந்தமேற்றப்பட்ட அகன்ற தகடு தனக்கு வெளியே ஏறக்குறைய எந்தக் காந்தப்புலத்தையும் உண்டாக்குவதில்லை. அப்படியானால் அந்த 13 டெஸ்லா எங்கிருந்து வந்தது?

அது காந்தப்புலமே அல்ல. டங்ஸ்டன் அடுக்கிலுள்ள எலக்ட்ரானின் அலை, அடுக்கின் எல்லையோடு நின்றுவிடாமல் பக்கத்துப் படிகத்துக்குள்ளும் சற்றே கசிகிறது. ஒரே தற்சுழற்சி உள்ள எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று நெருங்கக் கூடாது என்பது பவுலியின் விதி. அவை விலகி நிற்பதால் அவற்றுக்கிடையே உள்ள மின்விலக்கமும் மாறுகிறது. எனவே குரோமிய அணுக்களின் தற்சுழற்சியோடு ஒத்திருக்கும் எலக்ட்ரானுக்கு ஓர் ஆற்றல், எதிராக இருப்பதற்கு வேறோர் ஆற்றல். இதற்குப் பரிமாற்ற இடைவினை என்று பெயர். டங்ஸ்டன் கனமான அணு என்பதால் இந்தப் படலத்தில் தற்சுழற்சி பள்ளத்தாக்கோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. தற்சுழற்சிக்குக் காட்டும் பாரபட்சம் அப்படியே பள்ளத்தாக்குக்கும் போய்ச் சேர்கிறது. காந்தப் படிகத்தின் திசையைப் புரட்டினால் உயர்ந்த மட்டமும் தாழ்ந்த மட்டமும் இடம் மாறுகின்றன. அந்த மாற்றம் வெளிவரும் ஒளியின் நிறத்திலும் பிரகாசத்திலும் தெரிகிறது.

இந்தக் கசிவு ஒரு நானோமீட்டருக்குள் அடங்கிவிடும் என்பதால் இரு அடுக்குகளுக்கும் நடுவே அழுக்கு இருக்கக் கூடாது. ரத்தத்தைச் சீராக்கும் என்று காந்த வளையல் விற்பவர்கள் குவாண்டம் என்ற சொல்லைத் துணைக்கு அழைக்கும்போது இந்தத் தொலைவைச் சொல்வதில்லை. குரோமியம் ட்ரைஅயோடைடு ஈரக் காற்றில் சிதைந்துவிடும். ஆகவே அடுக்கும் வேலை முழுவதும் மந்த வாயு நிரப்பிய பெட்டிக்குள் நடக்க வேண்டும். குளிரும் கட்டாயம்: 61 கெல்வினைத் தாண்டினால், அதாவது மைனஸ் 212 டிகிரி செல்சியஸுக்கு மேலே போனால், குரோமியத் தற்சுழற்சிகளின் ஒழுங்கு கலைந்து இரு பள்ளத்தாக்குகளும் பழையபடி ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன.