பூட்டிக் கிடக்கும் போர்டிங்

மட்டக்களப்பில் கம்பஸைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலை செய்யும் என்னைப் போன்ற பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். முறைப்பாடு என்று ஒரு கோல் வந்தால் அது பெரும்பாலும் "அந்தப் போர்டிங் பொடியன்மார்" என்றுதான் தொடங்கும், அதாவது வீடுகளில் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கும் மாணவர்கள். இரவு பன்னிரண்டு மணிக்குப் பாட்டுப் போடுகிறார்கள், ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே விட்டுவிட்டுப் போகிறார்கள், சோற்றுப் பார்சல் பேப்பரை எங்கட வேலிக்கு இந்தப் பக்கம் எறிகிறார்கள். இதில் பாட்டு பொலிசுக்குப் போக வேண்டியது, சைக்கிள் கிராம உத்தியோகத்தருக்கு, பேப்பர் மட்டும்தான் எனக்கு. ஆனால் மூன்றும் எனக்கே வருகிறது. பரவாயில்லை.

வருடத்தில் ஒரு காலம் இருக்கிறது, அப்போது போர்டிங் பற்றி ஒரு கோல்கூட வராது. பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போன காலம். ஒழுங்கையே அமைதி, "இப்பதான் நிம்மதியா நித்திரை கொள்றம்" என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்வார். எனக்குப் பயம் பிடிப்பது அப்போதுதான்.

ஏன் என்றால், மட்டக்களப்பில் மழை ஐப்பசியில் பிடித்தால் மார்கழி, தை வரை விடாது. டெங்கும் இங்கே அந்த மழையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும். அதே மாதங்களில்தான் போர்டிங் வீடுகள் கிழமைக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டில் ஆள் இருந்தால் வாளித் தண்ணீர் குளிக்கவாவது செலவாகும். ஆள் இல்லாத வீட்டில் அது அப்படியே நிற்கும்.

பூட்டிய போர்டிங் ஒன்றின் குசினிப் பின்பக்கம் போனால் என்ன இருக்கும் என்று சொல்கிறேன். முதலில் தயிர்ச்சட்டிகள். மட்டக்களப்புத் தயிரின் புகழ் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்துப்போகும், சாப்பிட்டு முடிந்த சட்டியை எறிய மனம் வராமல் மதிலோடு அடுக்கிவிடுவார்கள், வாய் மேல் பார்த்தபடி. அப்புறம் குழாயடியில் பாதி நிரம்பிய வாளி, மூடி தொலைந்த நீலப் பரல், இளநீர்க் கோம்பை, இலை அடைத்துக்கொண்ட கூரைப்பீலி, யாரும் தண்ணீர் ஊற்றாத மலசலகூடம். பரலுக்கு மேல் குனிந்தால் உங்கள் நிழல் விழுந்த உடனே நுளம்புக் குடம்பிகள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போய்விடும். தெளிந்த தண்ணீர் மாதிரித்தான் தெரியும். அசையாமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மூச்செடுக்க அவை மேலே வந்தே ஆக வேண்டும், ஒவ்வொன்றாக வந்து தலைகீழாகத் தொங்கும்.

முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். இரண்டு கிழமை லீவு என்றால் ஒரு தலைமுறை பறந்து முடிந்திருக்கும். இந்த நுளம்பு தூரம் போகிற சாதியும் இல்லை, பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றி ஒருசில நூறு மீற்றருக்குள்தான் சுற்றும். பகலில் கடிக்கும், காலையிலும் பின்னேரமும் கூடுதலாக. அப்படியென்றால் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் அது யாரைத் தேடிப் போகும்? நிம்மதியாக நித்திரை கொண்ட அதே அம்மாவின் வீட்டுக்குத்தான், அவருடைய பேரப்பிள்ளை விறாந்தையில் விளையாடிக்கொண்டிருக்கும் நேரத்தில். லீவு முடிந்து மாணவர்கள் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். அவர்களில் ஒருவர் உடம்பில் வைரஸோடு வந்தாலும் போதும், அதை ஒழுங்கை முழுக்கக் கொண்டுபோக நுளம்பு தயாராக இருக்கிறது.

"எங்கட பக்கம் உவர்த் தண்ணி, நுளம்பு வராது" என்று கடற்கரைப் பக்கம் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்லடிப் பக்கத்துப் போர்டிங்காரர்களுக்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: மட்டக்களப்புக் கரையோரத்தில் செய்த ஆய்விலேயே, பாவிக்காத கிணற்றிலும் கைவிட்ட தோணியிலும் தேங்கிய உவர்நீரில் டெங்கு நுளம்பின் குடம்பிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சரி, யாருடைய பிழை? வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. அதன்பிறகு கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், பிள்ளையாரடியில் சுகாதார விஞ்ஞான பீடம் என்று மாணவர்கள் பரவிக்கொண்டே போனார்கள். வீடுகள் மட்டும் ஒரு குடும்பத்துக்கென்று கட்டியவைதான். அந்த வீட்டில் அறைக்கு நாலு பேர் என்று போட்டால் மலசலகூடக் குழி ஒரு குடும்பத்தின் கணக்கில் நிரம்பாது, அதைவிட வேகமாக நிரம்பும். எங்கள் மண் மணல், தண்ணீர் மட்டம் கிட்டத்தில் இருக்கிறது. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். குழி நிரம்பி வழிந்தால் முதலில் கெடுவது பக்கத்து வளவுக் கிணறு. போர்டிங் நடத்துபவர்கள் வாடகையைக் கூட்டும்போது குழி இறைக்கும் பவுசர் காசையும் அதில் சேர்த்து யோசித்தால் பாதிச் சண்டை குறையும். இதைச் சொன்னால் என்னோடு கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

நுளம்பு விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், வளவைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பைச் சொந்தக்காரர், குடியிருப்பவர் இரண்டு பேர் தலையிலும் வைக்கிறது. ஆனால் போய் நின்றால் நடப்பது வேறு. சொந்தக்காரர் சுவிஸில், திறப்பு தங்கச்சியிடம், தங்கச்சி இருப்பது டவுனில். மாணவர்களோ "நாங்க ரூமுக்குத்தான் காசு குடுக்கிறம், வளவு அன்ரியின்ட" என்பார்கள். அன்ரி "பின்பக்கம் பொடியன்மார்தான் பாவிக்கிறது" என்பார். இரண்டு பேர் பொறுப்பு, ஒருவரும் குனிந்து ஒரு சட்டியைக் கவிழ்க்கவில்லை.

இனி மாணவர்களுக்கு. உங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் விலாசம் கேட்பார்கள். பெரும்பாலானோர் அடையாள அட்டையில் உள்ள ஊர் விலாசத்தையே சொல்கிறீர்கள். டெங்கு, கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். ஆஸ்பத்திரியிலிருந்து அறிவித்தல் நீங்கள் சொன்ன விலாசத்துக்குரிய சுகாதார வைத்திய அதிகாரிக்குத்தான் போகும். நீங்கள் வவுனியா விலாசத்தைக் கொடுத்தால் வவுனியாவில் இருக்கும் பி.எச்.ஐ. உங்கள் அம்மாவின் வீட்டுப் பூச்சாடியைப் பரிசோதித்துவிட்டுப் போவார், உங்களைக் கடித்த நுளம்பு பிறந்த பரல் இங்கே அப்படியே இருக்கும். அறிவித்தல் எங்கள் கைக்கு வந்தால்தான் அந்த ஒழுங்கையில் அடுத்தவருக்கு வருவதற்கு முன் இறங்கலாம். ஆகவே போர்டிங் விலாசத்தையும் எந்த நாளிலிருந்து அங்கே இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். லீவில் ஊருக்குப் போய்ப் படுத்துவிட்டாலும் சொல்லுங்கள், ஏனென்றால் கடி வாங்கி நாலிலிருந்து பத்து நாளுக்குள் காய்ச்சல் வரலாம், வாங்கியது இங்கேயாகவும் இருக்கலாம்.

அடுத்தது, அறையில் தனியாகப் படுத்துக் கிடப்பது. காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும், அதுவும் அளவோடு. பார்மசியில் கேட்டு வாங்கும் டிக்ளோபெனக், இபுபுரூபன், அஸ்பிரின் வேண்டாம், இரத்தக் கசிவு கூடும். மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: காய்ச்சல் இறங்குகிற நாளில்தான் ஆபத்து தொடங்குகிறது. சுகம் என்று நினைத்து விரிவுரைக்குப் போகும் அன்றைக்கே வயிற்று நோ, நிற்காத வாந்தி, கைகால் குளிர்வது, தலைச்சுற்று, சலம் குறைவது என்று ஏதாவது வந்தால் அடுத்த நாள் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இப்போது கம்பஸில் இருக்கிறீர்கள். டெங்கு வைரஸில் நாலு வகை உண்டு, ஒருதரம் ஒரு வகை வந்தவருக்கு இரண்டாம் தரம் வேறு வகை வந்தால் கடுமையாகும் வாய்ப்புக் கூட.

இங்கேதான் வீட்டுக்கார அம்மாமாரின் உதவி தேவை. பிள்ளை இரண்டு நாளாகக் குளிக்க வரவில்லை, குசினிப் பக்கம் காணவில்லை என்று முதலில் தெரிவது உங்களுக்குத்தான். கதவைத் தட்டிக் கேளுங்கள். உங்களுக்குச் சிங்களம் தெரியாது, அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்றாலும் "காய்ச்சல் எத்தனை நாள்" என்பதை விரலால்கூடக் கேட்கலாம். கஞ்சியோ இளநீரோ ஜீவனி என்ற உப்பு-சீனிக் கரைசலோ கொடுங்கள், வெறும் தண்ணீர் மட்டும் போதாது. வீட்டாருக்கு எடுக்க ஒரு நம்பரை முதல் நாளே வாங்கி வையுங்கள்.

ஒழுங்கைக்கு ஒரு வட்ஸ்அப் குறூப் இப்போது எல்லா இடமும் இருக்கிறது. அதில் போர்டிங் பிள்ளைகளின் பெயர்தான் ஓயாமல் அடிபடும், பிள்ளைகளில் ஒருவர்கூட உறுப்பினராக இருக்க மாட்டார். வீட்டுக்கு ஒருவரைச் சேருங்கள். குப்பை உழவு இயந்திரம் எந்த நாள் காலை வருகிறது என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரிந்தால் பொலித்தீனை எரிக்க மாட்டார்கள் என்று சத்தியம் பண்ணவில்லை, குறையும்.

லீவுக்குப் போகும் நாளில் பையைக் கட்டுவதற்கு முன் அரை மணித்தியாலம் போதும். கவிழ்க்கக்கூடியதை எல்லாம் கவிழ்த்துவிடுங்கள், தயிர்ச்சட்டி உட்பட. பரலையும் வாளியையும் தண்ணீரை ஊற்றிவிட்டு அப்படியே வைக்க வேண்டாம், உட்சுவரைத் தும்பால் அழுத்தித் தேயுங்கள். முட்டை தண்ணீருக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மழைத்தண்ணீர் பட்டால் பொரிக்கும். தாங்கிக்கு மூடி போடுங்கள், மலசலகூடத்துக்கு மூடி இல்லாவிட்டால் மேலே பொலித்தீன் போட்டு ஒரு பலகை. திறப்பில் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, கிழமைக்கு ஒருதரம் பின்பக்கத்தை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கொடுக்கும்போது அந்த அம்மா பாட்டுச் சத்தத்தைப் பற்றி நாலு வார்த்தை ஏசுவார். ஏசி முடித்துவிட்டுத் திறப்பை வாங்கிக்கொள்வார்.