கொட்டேஷனில் நான் முதலில் தேடும் வரி

போன மாதம் ஆதம்பாக்கத்திலிருந்து ஒருவர் சிபியுவை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கொண்டுவந்தார். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பெண் பன்னிரண்டாம் வகுப்பு, திடீரென்று ஆன் ஆகவில்லை என்றார். பக்க மூடியைக் கழற்றியதுமே கருகல் வாடை. வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போயிருந்தது, கூடவே மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கொண்டுபோயிருந்தது. பழைய பில்லைப் பார்த்தேன். பிராசஸர், ராம் எல்லாம் நல்ல கம்பெனி. கடைசி வரியில் மட்டும் ‘கேபினட் வித் எஸ்எம்பிஎஸ்’ என்று இருந்தது.

புது கம்ப்யூட்டருக்கு எந்தக் கொட்டேஷன் வந்தாலும் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். பெட்டியோடு சும்மா வரும் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கிப் பாருங்கள், காலி டப்பா மாதிரி இருக்கும். ஸ்டிக்கரில் பெரிதாக 450 வாட்ஸ் என்று போட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு, அதே ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 14 ஆம்பியர் என்றால் 168 வாட்ஸ்தான். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் முக்கியமாகக் கரண்ட் எடுப்பது அந்த லைனில்தான். நல்ல 450 வாட்ஸ் யூனிட்டில் இந்தக் கணக்கு 400ஐத் தாண்டும்.

கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை உள்ளதாகக் கேளுங்கள். வீணாகும் கரண்ட் எல்லாம் வெப்பமாகத்தான் மாறும். உள்ளே இருக்கும் கெபாசிட்டருக்கு வெப்பம்தான் எமன். 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஏசி இல்லாத அறையில் சென்னையின் மே மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பிராசஸரில் இவ்வளவு யோசிக்க வேண்டாம். படிப்பு, ஆபீஸ் வேலை, படம் பார்ப்பது என்றால் ஐ3 12100 அல்லது ரைசன் 5 5600ஜி தாராளம், தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. ஆனால் இன்டெல்லில் நம்பர் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இருக்காது, கார்டு போடாமல் மானிட்டரில் படம் வராது. ‘ஐ7, 16 ஜிபி’ என்று மலிவாக வரும் விளம்பரங்களில் எத்தனையாவது ஜெனரேஷன் என்று கட்டாயம் கேளுங்கள். ஐ7 2600 வந்தது 2011இல். விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது, விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் அந்தப் பிராசஸர் கிடையாது.

ராம் 16 ஜிபி போதும். ஒரே ஸ்டிக்காக வாங்காமல் இரண்டு 8 ஆகப் போட்டால் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் வேகமாக ஓடும். ஃபைல்களைச் சேமிக்க, ஐந்து வருட வாரண்டி உள்ள 500 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள். போட்டோக்களுக்கு இன்னொரு காப்பியைத் தனி ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள்.

அப்புறம் நம் ஊர் கடற்கரை உப்புக் காற்று. பெசன்ட் நகர், பட்டினப்பாக்கம் பக்கமிருந்து ‘ஆன் ஆகிறது, டிஸ்பிளே வரவில்லை’ என்று வரும் பெட்டிகளில் ஸ்க்ரூவெல்லாம் துரு ஏறியிருக்கும். ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பின்களை பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டினால் பாதிக்கு மேல் உயிர் வந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வேளச்சேரி, பள்ளிக்கரணையிலிருந்து எனக்கு வந்தவை எல்லாம் தரையில் இருந்தவைதான். இப்போதைய கேபினட்களில் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் அடியில் இருக்கிறது, தண்ணீர் முதலில் ஏறுவது அதில்தான்.

ஆதம்பாக்கத்துக்காரரின் பிராசஸரும் ராமும் தப்பித்துவிட்டன. போர்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் புதிதாகப் போட்டோம். ஹார்டு டிஸ்க்கில் இருந்த அந்தப் பெண்ணின் நோட்ஸ் திரும்பக் கிடைக்கவில்லை, எனக்கு அதுதான் மனசு கேட்கவில்லை. பெட்டியைக் கொண்டுபோய் வைக்க நானே போனேன். “முன்னாடியெல்லாம் கேபினட்டைத் தொட்டா லேசா சுரீர்னு இருக்கும் அங்கிள்” என்றாள். எர்த் இல்லாத வீட்டில், எஸ்எம்பிஎஸ்ஸில் கசியும் கரண்ட் போக வழியில்லாமல் பெட்டியின் மேலேயே நிற்கும். எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப் வைத்தார், எரியவில்லை, எர்த் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மெயின் போர்டிலிருந்து புதிதாக எர்த் வயர் இழுத்த பிறகுதான் பெட்டியை ஆன் செய்தோம்.