தமிழ்99-க்கு மாறுவோர் இடறும் இடங்கள்

ஆங்கில எழுத்துகளை ஒலிக்கேற்பத் தட்டித் தமிழாக்கிப் பழகியவர்கள் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்புக்கு மாறும்போது பாதியில் விட்டுவிட்டால், விசைகளின் இடம் மனத்தில் நிற்கவில்லை என்றே காரணம் சொல்வார்கள். அருகில் இருந்து கவனித்தால் தடுமாற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். புள்ளி எப்போது தானாக விழும், எப்போது விழாது என்பது அவர்களுக்குப் பிடிபட்டிருக்காது.

விசைகளின் இடத்தைப் பழகுவது அவ்வளவு கடினமில்லை. 1999-ல் தமிழக அரசு ஏற்ற இந்தத் தளக்கோலத்தில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகள்தான். ஷிஃப்ட் தேவைப்படுவது ஸ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கும் சில நிறுத்தக்குறிகளுக்கும் மட்டும். உயிரெல்லாம் இடக்கையில், வ, ங இரண்டும் தவிர மெய்யெல்லாம் வலக்கையில். நடு வரிசை அ, இ, உ-வுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ. ஆங்கில எஃப் விசையில், இடக்கைச் சுட்டுவிரலுக்கு அடியிலேயே புள்ளி. அதே விசையை உயிருக்குப் பின் தட்டினால் ஆய்தம் வரும்.

இனி விதிகள். மெய் விசையைத் தட்டினால் அகரமேறிய எழுத்து வரும். தொடர்ந்து உயிரைத் தட்டினால் உயிர்மெய்யாகும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி விழும்: என்ன = எ, ன, ன. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஆகிய இணைகளிலும் முதலெழுத்துக்குப் புள்ளி தானே வரும்: தம்பி = த, ம, ப, இ. வணக்கம் 6 தட்டல். ஒலிபெயர்ப்பு முறையில் 8 எழுத்துகள், கூடவே ண-வுக்கு ஒரு ஷிஃப்ட்.

இடறுவது இங்கேதான். நதி என்று எழுத ந, த, இ எனத் தட்டினால் 'ந்தி' வந்து நிற்கும். ந-வுக்குப் பின் அ தட்டினால் புள்ளி விழாது: ந, அ, த, இ. பப்பாளிக்கு ப, அ, ப, ப, ஆ, ள, இ. தத்துவம், நத்தை, சச்சரவு எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். இந்த அகரத்தை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். பல விளக்கப் படங்கள் இதைக் கடைசியில் சிறு குறிப்பாகப் போட்டிருப்பது சரியில்லை.

கணினியில் தமிழ்99-ஐ நிறுவியதும் ஒரு சோதனை: அ, ம, ம, ஆ தட்டுங்கள். 'அம்மா' வந்தால் சரி. 'அமமஆ' வந்தால் உங்களிடம் இருப்பது வெறும் எழுத்து வரைபடம், விதிகள் அதில் இல்லை. அதை வைத்துக்கொண்டு பழகக் கூடாது. இ-கலப்பை போன்ற உள்ளீட்டுச் செயலியில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். மேக் கணினியில் அது உள்ளமைந்தே வருகிறது.

பயிற்சியை நடு வரிசையில் தொடங்கலாம். அது, இது, அந்த, எந்த, பத்து, உப்பு, தந்தி, தம்பி எல்லாம் விரல் அந்த வரிசையை விட்டு நகராமலே வரும். அடுத்து மேல் வரிசை நெடில்களும் ன, ட, ற, ள, ண-வும். பிறகு கீழே வ, ங, ல, ர, ழ. ஞ, ஔ தனியாகப் பழகும் அளவுக்கு வராது. விசைகளில் எழுத்து ஒட்டிகள் வேண்டாம், கண் கீழே போய்விடும். திரையோரம் ஒரு படம் போதும். பழகும் நாட்களில் பழைய முறைக்குத் திரும்பித் திரும்பிப் போனால் இரண்டும் குழம்பும். அவசர வேலைக்கிடையே தொடங்காதீர்கள்.

பழைய தட்டச்சுப் பொறியில் பழகியவர்களின் சிரமம் வேறு. கெ, கே, கை எழுதக் கொம்பை முதலில் போடும் கை அவர்களுடையது. இங்கே க முதலில், பிறகு எ, ஏ, ஐ. கொ-வுக்கும் க, ஒ என இரண்டே தட்டல். தட்டச்சுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் அது முடியும்வரை மாறாமல் இருப்பது நல்லது.

க தட்டியபின் சுட்டியால் வேறிடத்தில் சொடுக்கி, திரும்பி வந்து இ தட்டினால் சில செயலிகளில் 'கஇ' என்று பிரிந்து விழும். முந்தைய மெய்யைச் செயலி மறந்துவிட்டதே காரணம். அந்த மெய்யையும் அழித்துவிட்டு, இரண்டையும் சேர்த்துத் தட்டினால் சரியாகிவிடும்.