குளிரில் இனிக்கும் இலை: வெண்வால் மான்களை வரவழைக்கும் டர்னிப் வயல்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், டிசம்பர் மாதக் காலை ஒன்றில் காட்டை ஒட்டிய டர்னிப் (முள்ளங்கி போன்ற கிழங்குப் பயிர்) வயலுக்குள் நடந்தால், இரவில் வந்துபோன மான்களின் கணக்கைத் தரையிலேயே படித்துவிடலாம். பனி குளம்பால் கிளறப்பட்டிருக்கும். பாதி மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் கிழங்கின் ஊதா நிறத் தலை கரண்டியால் சுரண்டியதுபோல் குழிந்திருக்கும். எஞ்சிய இலைக்காம்புகளின் நுனி பிய்ந்து நார்நாராகத் தொங்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது என்பதால் அதனால் இலையை நறுக்க இயலாது, இழுத்துப் பிய்க்கத்தான் இயலும். முயல் கடித்த காம்போ கத்தி வைத்ததுபோல் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும்.

இந்த வயல் சந்தைக்காகப் பயிரிடப்பட்டதன்று. வெண்வால் மான்களை வேட்டைப் பருவத்தில் ஓர் இடத்துக்கு வரவழைக்கவும், குளிர்காலத்தில் அவற்றுக்குத் தீனி கிடைக்கவும் நில உரிமையாளர்கள் வளர்க்கும் தீவன நிலம் இது; அங்குள்ளவர்கள் இதை 'ஃபுட் பிளாட்' என்பார்கள். டர்னிப், தீவன ரேப், கேல் கீரை, நீண்ட வெள்ளை முள்ளங்கி ஆகிய இதன் பயிர்கள் எல்லாம் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கோடையில் தழைத்து நிற்கும் இவற்றைப் பல இடங்களில் மான்கள் மோந்துவிட்டுப் போய்விடுகின்றன. குளிர் இறுகியதும் அதே மான்கள் அதே இலைக்காக வரிசை கட்டுகின்றன. இந்த மாற்றத்தின் காரணம் செடிக்குள் இருக்கிறது.

கடுகுக் குடும்பத்தின் காரத்தை நம் சமையலறையிலிருந்தே புரிந்துகொள்ளலாம். பச்சைக் கடுகைத் தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறும் நெடி கிளம்புகிறது; அதே கடுகைக் காய்ந்த எண்ணெயில் வெடிக்கவிட்டால் அந்த நெடி வருவதில்லை. குளுக்கோசினோலேட் என்ற கந்தகம் கலந்த சேர்மமும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதியும் செடியின் திசுக்களில் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. அரைக்கும்போதோ மெல்லும்போதோ சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்க, ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருள் உண்டாகிறது. கொதிக்கும் எண்ணெயில் நொதி செயலிழந்துவிடுவதால் அந்த வினை நடைபெறுவதில்லை. தன்னைக் கடிக்கும் பூச்சியையும் விலங்கையும் விரட்டச் செடி வைத்திருக்கும் இந்தப் படைக்கலம்தான், இளம் டர்னிப் இலையின் கைப்புக்கும் உறைப்புக்கும் காரணம்.

குளிர் வந்ததும் செடி வேறோர் எதிரியைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. வெப்பநிலை ஐந்து டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும்போது வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆனால் பகலில் ஒளிச்சேர்க்கை தொடர்வதால், செலவழிக்க வழியில்லாத சர்க்கரை இலையில் சேர்கிறது. சேமித்த மாவுச்சத்தும் சர்க்கரையாக உடைகிறது. இது செடிக்கு உயிர்க்காப்பு. உறைபனியில் பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியேதான் உருவாகி, உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல்லுக்குள் கரைந்திருக்கும் சர்க்கரை உறைநிலையைத் தாழ்த்துவதோடு, நீர் ஒரேயடியாக வெளியேறாமல் தடுத்து, செல்சவ்வு கிழியாமல் காக்கிறது. உறைந்து சாகாமலிருக்கச் செடி சேர்த்துக்கொண்ட அந்தச் சர்க்கரைதான் மானின் நாவுக்கு இனிப்பாகத் தெரிகிறது.

முதல் உறைபனி விழுந்த மறுநாளே இலை இனித்துவிடும் என்று வேட்டைக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அது முழு உண்மையன்று. குளிருக்குப் பழகுவது நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நடக்கும் வேலை. ஓர் இரவின் உறைபனியைவிடத் தொடர்ச்சியான குளிர்ந்த இரவுகளே அதைச் செய்கின்றன. மானின் பழக்கமும் இதில் சேர்கிறது. இந்தப் பயிரையே பார்த்திராத பகுதியில் மான்கள் முதலாண்டில் அதைப் புறக்கணிப்பதும், பழகியபின் ஆகஸ்ட் இலையையே மேயத் தொடங்குவதும் உண்டு. மான் அசைபோடும் விலங்கு என்பதால், முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புதிய தீனிக்கேற்ப மாறுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் தேவைப்படும். விதைத்தவர் பொறுமை இழந்து வயலை உழுதுவிடுவது வீண் நட்டம் என்றே சொல்வேன்.

காலம் பொருந்திவருவதுதான் இப்பயிரின் பெரும் வலிமை. அமெரிக்காவின் வடமாநிலங்களில் நவம்பர் முற்பாதியில் இனச்சேர்க்கைப் பருவம் உச்சத்தை எட்டுகிறது. அந்த வாரங்களில் பெட்டைகளைத் துரத்தியே காலம் கழிக்கும் ஆண் மான் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ இழந்துவிடுகிறது. அதற்குள் ஓக் மரத்தின் கொட்டைகள் தீர்ந்திருக்கும், புல் காய்ந்திருக்கும். எளிதில் செரிக்கும் பசுந்தழையும், மண்ணில் புதைந்த சர்க்கரைச்சத்துள்ள கிழங்கும் அப்போது ஒரே இடத்தில் கிடைத்தால் மான் தேடி வராமல் இருக்காது. விஸ்கான்சினில் நன்றி நவிலல் நாளுக்கு (நவம்பர் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கும் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டைப் பருவமும் இதே நாள்களில்தான் வருகிறது.

அதற்கேற்ற பயிரை எடுக்க, விதைப்பு ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் முடிய வேண்டும். கடும் உறைபனிக்கு முன் அறுபது முதல் தொண்ணூறு நாள்கள் பயிருக்குக் கிடைக்க வேண்டும். டர்னிப் விதை மிகச் சிறியது. ஏக்கருக்கு ஏறத்தாழ 2 கிலோ போதும், விதை ஆழமாகப் புதைந்தால் முளை வெளியே வரத் திணறும். அதிகமாகத் தூவிவிட்டு, நெருக்கத்தில் கிழங்கு பருக்கவில்லை என்று வருந்துவோரே மிகுதி. தழைச்சத்தும் கந்தகமும் இப்பயிருக்கு நிறைய வேண்டும். காட்டோர மண் பெரும்பாலும் புளிப்பாக இருப்பதால், மண் பரிசோதனை செய்து சுண்ணாம்பு இடாமல் உரத்தைக் கொட்டுவதில் பயனில்லை. ஒரே இடத்தில் இரண்டு ஆண்டுகளுக்குமேல் தொடர்ந்து விதைக்கவும் கூடாது. வேரைக் கழலைபோல் வீங்கவைக்கும் கிழங்கு வேர்நோயின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும் என்பதால், அடுத்த முறை தானியமோ குளோவர் என்ற பயறுவகைத் தீவனமோ மாற்றிப் போட வேண்டும்.

வயலின் இடத்தைத் தீர்மானிப்பது காற்று. மானின் மூக்கு மனித வாடையை வெகு தொலைவிலேயே அறிந்துவிடும். மான் வரும் வழியிலிருந்து வேட்டைக்காரனை நோக்கிக் காற்று வீசும்படி மரப்பரண் அமையாவிட்டால், இனிப்பான இலையிருந்தும் மான்கள் இருட்டிய பின்னரே வரும்.

கவலைதரும் செய்தி ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மான்களின் மூளையைச் சிதைக்கும் நாட்பட்ட உடல்நலிவு நோய் 1967-இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டு, 2002-இல் விஸ்கான்சினில் கண்டறியப்பட்டது. அதற்குக் காரணமான ப்ரியான் புரதம் எச்சில், சிறுநீர், சாணம் வழியே பரவி மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். மக்காச்சோளத்தைக் குவித்துவைக்கும் இரைக்குவியலில் மான்கள் மூக்கோடு மூக்கு உரசித் தின்கின்றன. பரந்த வயலில் அவை சிதறி மேய்வதால் நெருக்கம் குறைவு. இரையிடுவதைத் தடைசெய்த பல மாநிலங்கள் தீவன நிலத்தை அனுமதிக்கின்றன. ஆனாலும் மான்கள் ஆண்டுதோறும் ஒரே நிலத்தில் கூடினால் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடாது. நோயுள்ள பகுதியில் ஒரே மூலையில் சிறு துண்டாக விதைப்பதைவிட நிலத்தைப் பரவலாகப் பிரிப்பதே நல்லது.

எவ்வளவு மேயப்படுகிறது என்பதை அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. முளை விட்ட வாரத்திலேயே, ஒரு மீட்டர் குறுக்களவுள்ள கம்பிவலைக் கூண்டை வயலின் நடுவே ஊன்றிவிட வேண்டும். அக்டோபர் வரை கூண்டின் உள்ளும் புறமும் தழை ஒரே உயரத்தில் நிற்கலாம். நவம்பர் இறுதியில் உள்ளே முழங்கால் உயரத்துக்கு இலை அடர்ந்திருக்க, வெளியே பிய்ந்த காம்புகளும் பற்களின் தடம் பதிந்த வெள்ளைக் கிழங்குகளும் மட்டும் மிஞ்சியிருக்கும்.