காது பழகாது, ஐயா

போன வாரம் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் வந்திருந்தார். வயது 66. நான் புதுச்சேரியில் ஆடியாலஜிஸ்ட், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து பார்த்து, தேவைப்பட்டால் கருவி பொருத்துபவள். அவர் உட்கார்ந்ததும் மனைவிதான் பேசினார். "டிவி சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்குதும்மா. நான் கூப்பிட்டா மட்டும் திரும்ப மாட்டேங்கறாரு."

"ஐயா, எந்தத் தோள்ல வச்சு சுட்டீங்க?" என்று கேட்டேன். இரண்டாம் முறை சத்தமாகக் கேட்ட பிறகு, "வலது தோள்மா" என்றார். அப்படியானால் இடது காதுதான் கூடுதலாகக் கெட்டிருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் பரிசோதனை அறைக்குள் அனுப்பினேன். எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கிராஃபும் அப்படியே வந்தது. துப்பாக்கிக் கட்டையை வலது தோளில் அணைத்துக் கன்னத்தைச் சாய்க்கும்போது வலது காது தலைக்குப் பின்னால் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். இடது காது குழல்வாய்ப் பக்கம் திறந்து நிற்கும். முன்னாள் ராணுவத்தினரிடம் நான் எப்போதும் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

இந்த மாதத்தில் இவர் ஐந்தாவது ஆள். ஐந்து பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ஆரம்பத்துல கொய்ங்னு இருக்கும், அப்புறம் காது பழகிடும்." அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹவில்தார் 1977இல் சேர்ந்தவர். கையில் கொடுத்தது இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த 7.62 எஸ்.எல்.ஆர். ரைஃபிள். அதைப் பற்றிக் கேட்டதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மேகசினில் 20 ரவுண்டு, தூக்கிக்கொண்டு ஓடினால் தோள் கழன்றுவிடும் கனம், சுட்டு முடித்ததும் வாயு வழியின் மூடியான கேஸ் பிளக்கைக் கழற்றி பிஸ்டனில் படிந்த கரியைச் சுரண்டுவது, புல்த்ரூ என்ற துடைக்கும் கயிற்றில் 'சிந்தி' என்று அவர்கள் சொல்லும் துணித்துண்டைக் கோத்துக் குழலுக்குள் இழுப்பது என்று வரிசையாகச் சொன்னார். சுட்ட அன்றைக்குத் துடைத்தால் மட்டும் போதாதாம், அடுத்தடுத்த நாளும் துடைக்க வேண்டுமாம். உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர், குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், உள்ளே கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும், ஒரு தூசி தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. அவருக்கு முந்தைய தலைமுறை த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிள் வைத்திருந்தது. 1962 போரிலும் நம் ஆட்கள் கையில் இருந்தது அதுதான். அந்தக் குழலுக்குள் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள் என்று வேறொரு பெரியவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். பழைய தோட்டாவின் பிரைமர், அதாவது தீப்பற்ற வைக்கும் மருந்து, எரிந்தால் உப்பு படியும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். விட்டுவிட்டால் குழல் துருப்பிடித்துவிடும்.

இவ்வளவு நுணுக்கமாக இரும்பைப் பார்த்துக்கொண்டவரிடம் காதுக்கு என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். "அதே சிந்தியில கொஞ்சம் கிழிச்சு உருட்டி வச்சுக்குவோம்மா. சில நாள் அதுவும் இல்ல."

எங்கள் ஊருக்கென்று இன்னொரு கூட்டமும் உண்டு. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962 ஆகஸ்ட் 16க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களிலிருந்து பிரெஞ்சுப் படைக்குப் போய் வந்த சொல்தாக்கள், அதாவது சிப்பாய்கள். மூத்தவர்கள் மாஸ் 36 என்ற பிரெஞ்சு ரைஃபிளைப் பற்றிப் பேசுவார்கள், இளையவர்கள் பின்னால் வந்த ஃபாமாஸ் பற்றி. ஃபாமாஸில் மேகசின் விசைக்குப் பின்னால் இருக்கும். துப்பாக்கி குட்டை, அதனால் குழல்வாய் முகத்துக்குக் கிட்டே வந்துவிடும். நாடு வேறு, துப்பாக்கி வேறு, ஆனால் என் மேசைக்கு வரும் கிராஃப் ஒன்றுதான்: 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதிப் பக்கத்தில் பள்ளம், அதாவது அங்கே கேட்பது குறைந்திருக்கும்.

இப்போது அந்தப் 'பழகிடும்' விஷயத்துக்கு வருகிறேன். நடுக்காதில் ஒரு சின்னத் தசை இருக்கிறது. பலமான சத்தம் வந்தால் அது இறுகி, உள்ளே போகும் சத்தத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். காதுக்கு என்று பாதுகாப்பு இருந்தால் அது இவ்வளவுதான். ஆனால் அது இறுகவே பல பத்து மில்லிசெகண்ட் பிடிக்கும். துப்பாக்கி வெடிப்போ சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும். தசை விழித்துக்கொள்ளும் முன்பே வெடிச்சத்தம் உள்காதை அடித்துவிட்டுப் போய்விடும். ஆயிரம் ரவுண்டு சுட்டாலும் ஆயிரத்தொன்றாவது ரவுண்டுக்கு அந்தத் தசை வேகம் கற்றுக்கொள்ளாது. ராணுவ ரைஃபிளின் உச்சச் சத்தம் சுடுபவர் காதருகில் 150, 160 டெசிபல் வரை போகும். 140ஐத் தாண்டிய வெடிச்சத்தம் ஒரே ஒரு முறை கேட்டாலும் ஆபத்து.

அப்படியானால் 'பழகியது' எது? உள்காதில் ஏறக்குறைய பதினைந்தாயிரம் மயிர்ச்செல்கள் இருக்கின்றன. சுட்டு முடித்த அன்று மாலை எல்லாம் பஞ்சுக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கிறதே, அது அந்தச் செல்கள் அடி வாங்கி ஓய்ந்து கிடப்பது. ஓரிரு நாளில் பெரும்பாலானவை எழுந்துகொள்ளும். சில எழாது. எழாதவை திரும்ப முளைக்கவும் முளைக்காது. அடுத்த முறை சத்தம் கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது என்றால் அதைக் கேட்க வேண்டிய செல்கள் செத்துவிட்டன என்று பொருள். அதைத்தான் பழக்கம் என்கிறீர்கள். அந்தக் கொய்ங் சத்தம், இடைவிடாத இரைச்சல், காது உங்களிடம் சொல்லிப் பார்த்த எச்சரிக்கை.

முதலில் போவது உயர்ந்த சுருதி. அதனால்தான் "குரல் கேக்குது, வார்த்தை புரியல" என்கிறார்கள். கடை, படை, சடை மூன்றும் ஒன்றுபோல விழும். பேத்தியின் மெல்லிய குரல் விழவே விழாது. வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "தேவையானது மட்டும் நல்லாக் கேக்கும் இவருக்கு." தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். வேண்டுமென்றே யாரும் அப்படி இருப்பதில்லை. நாளடைவில் கல்யாண வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள்.

ஹவில்தாரின் பேரன் பள்ளியில் என்.சி.சி.யில் இருக்கிறான். முகாமில் .22 ரைஃபிள் சுடுகிறானாம். காதில் என்ன வைப்பாய் என்றதற்கு, பஞ்சு என்றான். தாத்தா துணி, பேரன் பஞ்சு! பஞ்சு பத்து டெசிபல் குறைத்தாலே பெரிது. .22இன் சத்தம் பெரிய ரைஃபிளைவிடக் குறைவுதான், இருந்தாலும் பிள்ளையின் காதை அதை நம்பி விடாதீர்கள்.

மருந்துக்கடையில் ஃபோம் காதடைப்பான் கேளுங்கள், விலை சொற்பம். விரலால் ஒல்லியாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைக்காததற்குச் சமம். மேலே இயர்மஃபும் போட்டால் இன்னும் நல்லது. சுடுபவருக்கு மட்டும் இல்லை, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பவருக்கும் வேண்டும். வருடக்கணக்கில் ரேஞ்சில் நின்ற உஸ்தாத்களின் காதுகள் சுட்டவர்களின் காதைவிட மோசமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சுட்ட பிறகோ வெடிச்சத்தத்துக்குப் பிறகோ திடீரென்று காது அடைத்துக்கொண்டால், "நாளைக்குச் சரியாயிடும்" என்று இருக்காதீர்கள். ஓரிரு நாளுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வாரங்கள் கழித்து வந்தால் மருந்துக்கு வேலையே இருக்காது. நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றவே ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அது இன்னொரு தொல்லை. எண்ணெய் துப்பாக்கிக்குப் போடுவது, காதுக்கு வேண்டாம்.

பணியிலிருந்து வெளிவரப் போகிறவர்கள், வரும் முன்பே ஆடியோகிராம், அதாவது நான் சொன்ன அந்தக் கிராஃப், எடுத்து நகலைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் எதைக் கேட்டாலும் அந்தக் காகிதம் வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அட்டை இருப்பவர்கள் காதுக்கருவிக்கும் அதன் வழியாகவே கேட்கலாம். அதை விட்டுவிட்டு ஆன்லைனில் சத்தம் கூட்டும் பெட்டி வாங்கி மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அது பேச்சையும் பாத்திரச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். மிச்சம் இருப்பதையும் கெடுத்துக்கொள்வீர்கள். சரியான கருவிக்கும் மூளை பழகச் சில வாரம் ஆகும். மூன்றாம் நாள் கழற்றி பீரோவில் வைத்துவிடாதீர்கள்.

பரிசோதனைக்கு வரும்போது சில விவரங்களை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்: எந்தத் தோளில் வைத்துச் சுட்டீர்கள், எத்தனை வருடம், எந்த வகை ஆயுதம், இரைச்சல் எந்தக் காதில். வீட்டில் யார் குரல் உங்களுக்கு விழுவதில்லையோ, அவரையும் கூட அழைத்து வாருங்கள். அவர் குரலை வைத்துத்தான் கருவியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.