முகவாயைத் திருத்தும் முன் பல்லைக் கடித்துக் காட்டுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்தும் பீனிக்ஸிலிருந்தும் என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் நீட்டுவது பக்கவாட்டில் எடுத்த புகைப்படத்தைத்தான். "முகவாய் உள்ளே போயிருக்கிறது, டாக்டர். கல்யாணத்துக்குள் சரிசெய்துவிடலாமா?" என்பார் பெண்ணின் அம்மா. நான் அந்தப் பெண்ணைப் பல்லைக் கடித்துக் காட்டச் சொல்வேன். எந்த அறுவை சிகிச்சை என்பதற்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கடி, அதாவது மேற்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் விதம், சரியாக இருந்து முகவாய் எலும்பு மட்டும் குட்டையாக இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எலும்பின் மேல் சிலிக்கோன் போன்ற செயற்கைப் பொருளைப் பதிப்பது. குறை சிறிதென்றால் இதுவே போதும். வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் கிருமித் தொற்று வரலாம், பதித்தது இடம் நகரலாம், ஆண்டுகள் போகப்போக அடியிலுள்ள எலும்பை அரிக்கவும் செய்யலாம். மற்றொன்று, வாயின் உட்புறமாகத் திறந்து, பல் வேர்களுக்குக் கீழே முகவாய் எலும்பை வெட்டி, முன்னே நகர்த்தி, டைட்டானியம் தகட்டால் பிணைப்பது. முகவாயின் உயரத்தையும் கோணலையும் இதில் திருத்த முடியும். குறை பெரிது, வயதும் இளமை என்றால் நான் இதையே பரிந்துரைப்பேன். கூடி ஆறியபின் அது சொந்த எலும்பு. இதற்கும் விலை உண்டு. கீழுதடு சில வாரங்களோ மாதங்களோ மரத்திருக்கும். சிலருக்கு அந்த மரப்பு நிரந்தரமாகவும் தங்கிவிடும். இதைச் சொல்லாமல் கையெழுத்துக் கேட்பவரை நம்பாதீர்கள்.

கீழ்த்தாடை முழுவதுமே பின்தங்கி, மேற்பற்கள் வெகுவாக முன்தள்ளி நின்றால், முகவாயை மட்டும் தொடுவது நோயை மூடி மறைப்பதாகிவிடும். அவர்களுக்குப் பற்கம்பியும் தாடை அறுவையும் சேர்ந்தே வேண்டியிருக்கும். மொத்தம் பெரும்பாலும் 18 முதல் 24 மாதங்கள். கல்யாணத் தேதி இதற்கு முன்னால் வருகிறதென்றால், தேதிக்காகச் சிகிச்சையை மாற்றாதீர்கள். பின்தங்கிய தாடை தூக்கத்தில் மூச்சுவழியைக் குறுக்கலாம்; பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கப் பரிசோதனையையும் கேளுங்கள்.

தாடை வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு அவசரம் வேண்டாம். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து அலகு குத்திக்கொள்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆறாத வாயில் அலகு கூடவே கூடாது.

அழகுக்கான அறுவைக்கு மெடிக்கல் எய்டு என்னும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பொதுவாகப் பணம் தராது. கடிக் கோளாறு இருந்தால் முன் அனுமதி கேட்டுப் பாருங்கள். மருத்துவர் முகத்தாடை அறுவையிலோ பிளாஸ்டிக் அறுவையிலோ நிபுணராகப் பதிவு பெற்றவரா என்பதை மருத்துவர்களைப் பதிவு செய்யும் தென்னாப்பிரிக்கக் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.யின் இணையப் பதிவேட்டில் நீங்களே பெயரைத் தட்டிப் பார்க்கலாம். முன்பணம் கட்டும் முன்பே பாருங்கள்.